கவசத்துக்குத் தையல் போட்டவர்

என் கணவருக்குக் கடைத்தெருவில் ஒரு பட்டப்பெயர் உண்டு: அரை இஞ்சு. ஆள் உயரத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. இருபத்தாறு வருடமாக யூனிஃபார்ம் தைக்கிறார். காவலாளி, பேருந்து நடத்துநர், ஆஸ்பத்திரி ஊழியர் என்று யார் வந்து நின்றாலும் மார்பைச் சுற்றி டேப்பைப் போடுவார், அளவைச் சத்தமாகப் படிப்பார், நோட்டில் எழுதும்போது மட்டும் அரை இஞ்சு கூட்டி எழுதுவார். கேட்டால், "இருக்கட்டும், ஒடம்பு நெறையும்" என்பார். அடுத்த மாதம் ஓய்வுபெறப் போகிற நடத்துநருக்கும் இதே பதில்தான். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காவலாளிகள் வாசலில் நிற்கும்போது காற்றடித்தால் முதுகுப்பக்கம் பொம்மென்று உப்பிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தே இது யார் தைத்தது என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்த அரை இஞ்சு எங்கிருந்து வந்தது என்பதைக் கல்யாணமான மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார். ஏதோ பரம்பரை வியாதியை மறைத்துவிட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னார். இருபது வயதில் காவல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருக்கிறார். விடிகாலை மைதானம், முந்நூறு பேர் வரிசை, எல்லோரும் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் தேறிவிட்டார், உயரத்தில் தேறிவிட்டார், மார்பளவில் அரை இஞ்சு குறைந்துவிட்டது. "மூச்ச இழு" என்றிருக்கிறார்கள். இழுத்தார். "இன்னும் இழு." கண் பிதுங்கும்வரை இழுத்தார். டேப் அசையவில்லை. "வெளிய போ" என்று தோளைப் பிடித்து வரிசையிலிருந்து நகர்த்திவிட்டார்கள். மிச்சப் பேர் பார்க்க, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாராம். எத்தனை அடி நடந்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்.

"வேலை போனதுகூடப் பரவாயில்ல. அந்த வரிசையில கடைசி வரைக்கும் நின்னிருக்கணும். நடுவுல வெளிய அனுப்பிட்டாங்க பாரு, அதுதான்" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுப்பெண், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "அரை இஞ்சுதானே, ஒரு பனியன் சேர்த்துப் போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்டேன். சட்டையைக் கழற்றித்தான் அளந்தார்கள் என்று பொறுமையாக மறுபடி விளக்கினார். அதற்கப்புறம் பல வருடம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மறுபடி எடுக்கவைத்தவன் என் தம்பி. அவன் ஊருக்கு நடுவில் இருக்கிற கண்காட்சி அரங்கத்தில் காவலாளி. அவனுக்கும் மாமா தைத்த சட்டைதான். அவசரத்தில் கைக்கும் அளவைக் கூட்டிவிட்டதால் விரல் நுனி வெளியே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "எங்க அரங்கத்துல அடுத்த மாசம் பெரிய கூத்து மாமா" என்று ஆரம்பித்தான். "படக்கதை, வீடியோ கேம்னு பைத்தியமா இருக்கிற பசங்கல்லாம் ஒண்ணு சேருறாங்க. கவசம், தலைக்கவசம்னு எல்லாத்தையும் வீட்டுலயே ஃபோம்ல செஞ்சு, மாட்டிக்கிட்டு, மேடையில வரிசையா நடக்கணுமாம்."

"யாரு நடக்கலாம்?" என்று கேட்டார் இவர்.

"யாரு வேணா நடக்கலாம். வயசு கெடையாது. அளவு கிளவு ஒண்ணும் கெடையாது."

குடித்துக்கொண்டிருந்த டம்ளரை இவர் கீழே வைத்தார். 

"கடைக்கு ஒரு விளம்பரமா இருக்கும்" என்று அன்று மாலை மெதுவாகத் தொடங்கினார். பொய் சொல்லும்போது அவர் காதை இழுத்துக்கொள்வார். அன்றைக்கு இரண்டு காதையும் இழுத்தார்.

"நாப்பத்தாறு வயசுல எதுக்குங்க இது?" என்றேன்.

கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டினார். பிறகு, "ஒரு தடவை வரிசையில நின்னு, ஒழுங்கா அந்தக் கடைசி வரைக்கும் நடந்துட்டு வந்துடறேன். அவ்வளவுதான்" என்றார்.

அதற்கு மேல் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்: செய்வதைச் செய்யுங்கள், பையைத் தூக்கிக்கொண்டு அரங்கத்து வாசல்வரை வருவேன், பக்கத்தில் நிற்கமாட்டேன், யாராவது கேட்டால் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். "சரி சரி" என்று எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை.

முதல் வாரம் மெத்தையில் கைவைத்தார். ஃபோம் என்றால் மெத்தைக்குள் இருப்பது என்றுதான் அவருக்குத் தெரியும். விருந்தாளிக்கென்று மடித்து வைத்திருந்த மெத்தையை அறுத்து, மஞ்சள் பஞ்சு நுரையில் ஒரு மார்புக்கவசமும் முதுகுக்கவசமும் வெட்டி, தோளில் நாடா வைத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றார். கையைக் கீழே விட முடியவில்லை. குனிந்தால் தானாக நிமிர்ந்தார். என் தம்பி அவரை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. இதைப் பார்த்தா எதிரி சண்டை போடமாட்டான், படுத்துத் தூங்கிடுவான்."

இவர் நாடாவை அவிழ்த்துக் கழற்றினார். நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பியே பயந்துபோய், கவசம் செய்வது எப்படி என்று ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிற வீடியோவைத் தேடி அவர் போனுக்கு அனுப்பிவைத்தான். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. விறுவிறுவென்று பேசினாள். மெத்தை நுரை வேண்டாம், உடற்பயிற்சிக்குத் தரையில் விரிக்கிற கெட்டிப் பாய்தான் வேண்டும். சூடு காட்டினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும் என்றாள். மறுநாளே இரண்டு கறுப்புப் பாய்கள் வீட்டுக்கு வந்தன. எங்கள் வீடு இரண்டே அறை. ஒன்றில் தையல் மெஷின் இருக்கிறது, அதுதான் கடை; இன்னொன்றில் நாங்கள் இருக்கிறோம். பாய்கள் நாங்கள் இருக்கிற அறைக்கு வந்தன.

அடுத்தது அளவெடுப்பது. டேப் போதாதாம். உடம்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் பார்சல் டேப் ஒட்டி, கோடு போட்டு, வெட்டிக் கழற்றினால் அதுதான் வார்ப்பு என்றாள் அந்தப் பெண். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கூட்டம் இல்லாத நேரத்தில் பொட்டலமும் கட்டுவேன். அந்தத் தைரியத்தில் இவரையும் கட்டினேன். பனியனோடு கையை விரித்துக்கொண்டு நின்றார். பார்சல் டேப்பை எடுத்து நான் மார்புப்பக்கம் வந்தேனோ இல்லையோ, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"மூச்ச விடுங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. விட்டுத் தொலைத்தால்தானே! நான் பதறிப்போய்ச் சுற்றுச் சுற்றென்று சுற்றினேன். இரண்டு சுற்றுக்கு ஒருதரம் அவர் மூச்சு வாங்க, ஒட்டிய டேப் சுருங்க, மறுபடி அவர் உப்ப, நான் சுற்ற, இப்படியே அரை ரோல் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்திருந்த வழியில் ஓர் ஆஸ்பத்திரி ஊழியர் தன் சட்டையைச் சரிபார்க்க வந்து நின்றார். கழுத்திலிருந்து இடுப்புவரை கட்டுப்போட்ட மாதிரி நிற்கிற மனிதரையும் கையில் கத்தரிக்கோலோடு நிற்கிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணனுக்கு என்னாச்சு அக்கா? எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நீங்களே கட்டுப் போடலாமா?"

"எல்லாம் முத்திப்போன கேஸ்" என்றேன். அவர் சட்டையை வாங்கிக்கொண்டு போட்டுப் பார்க்காமலே போய்விட்டார்.

முதுகுப்பக்கம் கத்தரித்து உருவினேன். பனியனும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த வார்ப்பைக் காகிதத்தில் விரித்து வரைந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த அளவு, ஏற்கெனவே பெரிசு. அதைச் சுற்றி இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அரை இஞ்சு.

"ஃபோம் எப்படிங்க நெறையும்?" என்று கேட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது என்றார். அழிக்கத்தான் இல்லை.

வளைக்கிற வேலைக்கு அந்தப் பெண் அனல்காற்று ஊதும் ஒரு சூட்டுத் துப்பாக்கியைக் காட்டினாள். இவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சூடாக்கிய ஃபோமை எதன்மேலாவது கவிழ்த்து அழுத்தினால்தான் வளைவு நிற்கும் என்பதால் என் பெரிய குக்கர் பறிபோனது. மார்பின் இடப்பக்கம் குக்கர், வலப்பக்கமும் குக்கர். வெயிட் போடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு சின்ன மொட்டு எழுந்து நின்றது; அதை அலங்காரம் என்று வைத்துக்கொண்டார். முதல் துண்டைத் துணி போடாமல் தேய்த்ததில் ஃபோம் உருகி இஸ்திரிப் பெட்டியின் அடியில் கறுப்பாகப் பிடித்துக்கொண்டது. அது தெரியாமல் அதே பெட்டியால் மறுநாள் ஒரு நர்சின் வெள்ளைக் கோட்டைத் தேய்த்தார். முதுகில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. புதுக் கோட்டுக்குத் துணி வாங்கித் தைத்துக் கொடுக்க இரண்டு நாள் போனது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கவசத்தின் கைத்துண்டை முழங்காலில் வைத்து அமுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் கூடப் போகட்டும். துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்க்கிற இடத்தில்தான் அந்தப் பெண்ணுக்கும் இவருக்கும் மனஸ்தாபம் வந்தது. இரண்டு விளிம்பிலும் பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும் என்றாள் அவள். செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிய பசையை எடுத்து, தடவிய சூட்டோடு ஈரமாகவே ஒட்டினார் இவர். விரல்கள் ஒட்டிக்கொண்டன, ஃபோம் ஒட்டவில்லை.

"காயவச்சு ஒட்டணுமாம். காஞ்சுபோன பசை எப்படி ஒட்டும்? அந்தப் பொண்ணுக்கு வெவரம் பத்தல" என்றார்.

"அவ கவசம் நிக்குதே."

"வீடியோவுல நிக்கும். ஒட்டினதெல்லாம் ஒரு வேலையா? எதா இருந்தாலும் தைச்சாத்தான் நிக்கும்."

சொன்னால் கேட்கிற ஜாதகமா? தோல் பை தைக்கிற தடித்த ஊசியை மெஷினில் மாட்டினார். விளிம்பின்மேல் விளிம்பு வைத்து, யூனிஃபார்முக்குப் போடுவது போலவே நெருக்கி நெருக்கித் தையல் போட்டார். ஒரு வரி போட்டு, உறுதிக்கென்று அதன் பக்கத்திலேயே இன்னொரு வரி. மெஷின் முக்கியது. கீழ் வீட்டு அம்மா மேலே வந்து, சுவரில் ஆணி அடிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். தையலைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. இருபத்தாறு வருடத்துக் கை. நானே தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் நினைத்து நொந்துகொள்கிறேன்.

கடைசியாக வெள்ளிப் பெயின்ட். பால்கனியில் கொடியில் மாட்டி ஸ்ப்ரே அடித்தார். காற்று கீழ்நோக்கி வீசியது. கீழ் வீட்டு அம்மா காயப்போட்டிருந்த நீலப் போர்வை ஒரு ஓரம் வெள்ளியானது. அந்த அம்மா மறுபடி மேலே வந்தார். கவசத்தைப் பார்த்தார். கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

"இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க" என்றார் இவர்.

"எங்க சண்டை?"

இவர் என்னைப் பார்த்தார். நான் போர்வையைத் துவைத்துத் தருவதாகச் சொல்லி அந்த அம்மாவை அனுப்பிவைத்தேன். போகும்போது திரும்பிப் பார்த்து, "தலைக்கு ஒண்ணு செஞ்சிருக்கீங்களா? தலைதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைக்கும் செய்திருந்தார். நான்கு துண்டு, நான்கிலும் அரை அரை இஞ்சு. கூட்டினால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை. அவர் தலையைத் திருப்பினால் தலை மட்டும் திரும்பும், தலைக்கவசம் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே தலைதுவட்டும் துண்டு ஒன்றைச் சுருட்டித் திணித்து ஒருவாறு நிற்கவைத்தோம்.

அந்த நாளும் வந்தது. வீட்டிலேயே மாட்டிக்கொண்டுதான் போவேன் என்று அடம்பிடித்தார். வாசலில் நேராக வெளியே வர முடியவில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்தார். பேருந்தில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் கவசத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணித் தொட்டிக் கம்பெனி விளம்பரமா?" என்று விசாரித்தார். நான் நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று எண்ணம்.

அரங்கத்தின் பின்பக்கம் வரிசை நின்றது. நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவனுக்கு இறக்கை விரிந்து மடங்கியது. ஒரு பெண்ணின் வாள் உள்ளேயிருந்து வெளிச்சம் விட்டது. கவசங்களைப் பார்த்தால் இரும்பு என்று அடித்துச் சொல்லலாம். எல்லாம் காயவைத்து ஒட்டியவை. இவர் எல்லாவற்றையும் பார்த்தார். வெளிச்ச வாளைப் பிடித்திருந்த பெண் சிநேகமாகச் சிரித்து, "அங்கிள், நீங்களே செஞ்சதா? சூப்பர்" என்றாள். நல்ல பிள்ளை.  இவர் குக்கர் மொட்டு இரண்டையும் கையால் மறைத்துக்கொண்டார்.

பட்டியலோடு வந்த பெண் கேட்டாள்: "பேரு என்ன போடணும்? என்ன வேஷம்?"

நாங்கள் ஒரு மாதமாகச் செய்ததில் அதை மட்டும் யோசிக்கவே இல்லை. அவள் பேனாவோடு காத்திருந்தாள்.

"சிப்பாய்" என்றார் இவர்.

"எந்த கேம்ல வர்ற சிப்பாய்?"

"சும்மா, வரிசையில நிக்கிற சிப்பாய்."

எழுதிக்கொண்டு, முப்பத்தொன்று என்று எண் கொடுத்துவிட்டுப் போனாள். பையைக் கையில் கொடுத்துவிட்டு நான் நகர்ந்திருக்க வேண்டும். தலைக்கவசத்துக்குள் திணித்த துண்டு நழுவுகிறது, ஒரு நிமிடம் இரு என்றார். அப்படியே நின்றுவிட்டேன். வரிசை நகர்ந்தது. இருபத்தெட்டு போனது. இருபத்தொன்பது போனது. மேடைக்குப் போகிற படி தெரிந்ததும் இவர் நிமிர்ந்தார். கால் இரண்டையும் சேர்த்து வைத்தார். பிறகு, பழக்கதோஷம், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

டர்ர்ரென்று ஒரு சத்தம்.

முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை கவசம் திறந்துகொண்டது. நூல் அறுந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நூல் முழுசாக இருந்தது. ஃபோம்தான் தையல் ஓட்டை வழியாக வரிசையாகக் கிழிந்திருந்தது. மாத்திரை அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நடுவில் கிழிப்பதற்கென்றே பொடிப்பொடியாய்த் துளை போட்டிருப்பார்களே, அதையேதான் இவர் நெருக்கி நெருக்கி இரண்டு வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஐம்பது அட்டை கிழிக்கிறவள் நான். தடவிப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்னவளும் நான். 

சட்டைக் காலரில் எப்போதும் ஊசி குத்தியிருப்பவர் அவர். அதை எடுக்கக் கையைத் தூக்கினார், இன்னும் இரண்டு இஞ்சு கிழிந்தது. மறுபடி தைத்தால் மறுபடி ஓட்டைதான் விழும். அது அவருக்கும் புரிந்துவிட்டது.

முன்னால் இருந்தவன் படி ஏறிவிட்டான். இவர் வரிசையை விட்டு ஒரு அடி விலகினார்.

"நான் போறேன். வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். குரல் மிக அமைதியாக இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை நடந்து பழகிய வழி அவருக்கு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஃபோம் மேல் இல்லை, இவர்மேலும் இல்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற, நான் பார்த்தே இராத அந்த ஆள்மேல் வந்தது. அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

"உங்கள யாராவது போகச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, ஆனா..."

"அப்பறம் என்ன போறேன்? நில்லுங்க."

பையைக் கீழே போட்டேன். பின்னால் போய் நின்று, கவசத்தின் இரண்டு விளிம்பையும் இரண்டு கையாலும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் தலைக்கவசம் ஒரு கால் சுற்று சுற்றி, கண் ஓட்டை இரண்டும் காதுக்குப் போய்விட்டன.

"ஒண்ணும் தெரியலயே" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நான் சொல்றேன். நேரா நடங்க. மூணு படி."

மருந்துக்கடைக்குக் கட்டிக்கொண்டு போகிற பழைய புடவை, காலில் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, கலைந்த தலை. இந்த லட்சணத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தின் மேடையில் ஏறினேன். ஒலிபெருக்கியில், "அடுத்தது எண் முப்பத்தொன்று, சிப்பாய்!" என்று அறிவித்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தடுமாறினார். மைக்கை என் பக்கம் நீட்டி, "நீங்க யாருங்க? என்ன கேரக்டர்?" என்றார்.

"பொண்டாட்டி" என்றேன்.

அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

"நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்களா?" என்றார் இவர், நடந்துகொண்டே.

"ஆமா."

"வெளிய போகச் சொல்றாங்களா?"

"இல்ல. கை தட்டுறாங்க. இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்குங்க, ஒயர் இருக்கு."

ஒதுங்கினார். காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காத நடை. எத்தனை காலமாக மனசுக்குள் நடந்து பார்த்தாரோ தெரியாது. என்னால் அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குனிந்து, ஓடி, விளிம்பை விடாமல் பின்னாலேயே போனேன். மேடைக்குக் கீழே காவலுக்கு நின்ற என் தம்பி எங்களைப் பார்த்ததும் விறைப்பாக நின்றான்.

"உங்க மச்சான் சல்யூட் அடிக்கிறான்" என்றேன்.

"நெஜமாவா?"

"சட்டைக் கைதான் தெரியுது. உள்ள விரல் இருக்கும்னு நெனைக்கிறேன். சல்யூட்தான்."

அவரும் சல்யூட் அடித்தார், தம்பி நிற்கிற திசைக்கு நேர் எதிர்த்திசையில். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பதிலுக்கு அடித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

நடந்தவர்கள் எல்லோரும் மேடையின் பின்பக்கம் வரிசையாக நிற்க வேண்டும் என்றார்கள். முப்பதாம் எண்ணின் பக்கத்தில் அவரைத் திருப்பி நிறுத்தினேன். பின்னால் ஒளிந்து நானும் நின்றேன். மிச்சப் பேரும் வந்து சேர்ந்தார்கள். பரிசு இறக்கைக்காரனுக்குப் போனது. இரண்டாவது வெளிச்ச வாள். எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை, இவரும் அதை எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. போட்டோ எடுத்தார்கள். பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தண்ணீர் தேடிக்கொண்டு இறங்கிப் போனார்கள். கூட்டமும் எழுந்து போனது. ஆட்கள் வந்து நாற்காலிகளை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்கள்.

இவர் மட்டும் அசையவில்லை. கால் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, கண் ஓட்டை காதில் இருக்க, அப்படியே நின்றார்.

தம்பி மேடையோரம் வந்தான். "அக்கா, மாமாவை..." என்று தொடங்கினான்.

"என்ன சத்தம் அது?" என்றார் இவர் உள்ளேயிருந்து.

"நாற்காலி அடுக்குறாங்க."

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போய் ரொம்ப நேரமாச்சு."

"நம்மள யாராவது போகச் சொன்னாங்களா?"

நான் தம்பியைப் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, விளக்கை அணைக்க வந்தவரை நோக்கிப் போனான்.

"இல்லங்க. யாரும் சொல்லல."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்" என்றார்.

என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.